பத்மாவின் கைக்கு எந்தப் பந்து?

சிவமயம்

உடுவில்,
1990 சித்திரை மாதம்

அன்பு மைத்துனர் கதிரவேலு அறிவது,

இங்கே உமது அக்கா ஞானாம்பிகை, நான், மகள் பத்மாவதி ஆகிய மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். பத்மாவின் வலக்கை மணிக்கட்டை நீக்கிவிட்டு மிச்சமெல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ளும். உமது சுகமும், மனைவி பிள்ளைகள் சுகமும், ரொறன்ரோவில் பனி விட்டதா இல்லையா என்பதும் அறிய விருப்பந்தான். ஆனால் அவற்றை அடுத்த கடிதத்தில் அறிவித்தால் போதும். இப்போதைய அவசரம் வேறு.

உமது கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசிக்கக் கேட்டேன். அச்சகத்துக் கணினியில் மவுஸ் பிடித்துப் பிடித்துப் பத்மாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது என்று நான் அறிவித்ததற்கு, ட்ராக்போல் என்று ஒன்று வாங்கி, வைகாசியில் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவதாக எழுதியிருந்தீர். மவுஸைக் கையோடு மேசை முழுக்க இழுத்துத் திரிய வேண்டும், இது இருந்த இடத்திலேயே இருக்கும், மேலேயுள்ள பந்தை விரலால் உருட்டினால் திரையில் அம்புக்குறி ஓடும், மணிக்கட்டுக்கு அலைச்சல் இல்லை என்று விளக்கமும் தந்திருந்தீர். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். பெருவிரலால் உருட்டுவதா மற்ற விரல்களால் உருட்டுவதா, பந்து சின்னதா பெரியதா, வலக்கைக்கு மட்டுமா இரண்டு கைக்கும் பொதுவா, பொருந்தாததை வாங்கினால் கையில் நோ கூடிவிடும், ஆகையால் யோசித்துச் சொல்லுங்கள் என்று முடித்துவிட்டீர். என்னை யோசிக்கச் சொல்லலாமா? அரசாங்கக் கச்சேரியில் தலைமை இலிகிதராக இருந்த காலத்தில் ஒரு போத்தல் மை வாங்குவதற்கே ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, யோசித்தவன் நான். கண்ணால் காணாத ஒரு சாமானைக் கடலுக்கு அப்பால் நின்று தெரிவு செய்வது எப்படி? பெண் பார்க்காமல் தாலி கட்டினவர்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

பயத்துக்குக் காரணம் உண்டு. சுன்னாகத்தில் கனகலிங்கத்தின் அச்சகத்தில் இந்த வேலை கிடைத்தது பத்மாவின் கெட்டித்தனம். கல்யாணக் கார்ட், கோயில் விளம்பரம் எல்லாம் கணினியில் அவள்தான் அடுக்குகிறாள். செத்தவர்களின் பேரில் அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் முப்பத்தோராம் நாளுக்கு முதல் முடிந்தாக வேண்டும். செத்தவர் காத்திருப்பார், சொந்தக்காரர் காத்திருக்க மாட்டினம். அப்படிப்பட்ட இடத்தில் கை நோ என்று சொல்லிக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? போன மாதம் முதலாளி இவளின் கையில் சுற்றியிருந்த சீலைத்துண்டைக் கண்டுவிட்டு, "பிள்ளை, ஒரு கிழமை வீட்டிலை நிண்டு கையை ஓயவிடு" என்று சொல்லியிருக்கிறார். பத்மா அதை அன்பு என்று நினைத்துச் சந்தோசமாக வந்தாள். நான் அரசாங்கத்தில் இருந்தவன். ஓய்வு எடும் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கதிரைக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று என்றுதான் அர்த்தம். எங்களுக்குப் பிறகு அவளைத் தாங்கப்போவது அந்தக் கைதான். அது போனால் என்ன செய்வது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை.

இன்னொன்று கேளும். அந்த ஒரு கிழமை ஓய்வில் வீக்கம் வடிய வேண்டாமா? கூடிவிட்டது. நான் பக்கத்திலேயே இருந்து கவனித்தவன். அந்த நாட்களில் நானும் சும்மா இருக்கவில்லை, அவளின் கைநிலை பற்றி முதலாளிக்கும், மருந்தெண்ணெய் தருகிற பரியாரியாருக்கும், வேலை போனால் என்ன வழி என்று கேட்டுப் பழைய கச்சேரிச் சிநேகிதர்கள் எல்லாருக்கும் கடிதம் எழுதுவித்தேன். ஆனாலும் கணினியின் வேகம் உடம்பை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நோ ஆகக் கூட. அச்சகம் பூட்டு, கணினி அங்கே தன்பாட்டில் கிடக்கிறது, இங்கே இவள் பின்னேரமானதும் கையை உதறுகிறாள். உழைக்கிற நாளில் பதுங்கியிருந்து ஓய்ந்த நாளில் வெளிக்கிடுகிற நோ போலும். இந்த வரிக்கு வரும்போதுகூடக் கையை உதறிக்கொண்டுதான் இருக்கிறாள். அவ்வளவு பொல்லாத யந்திரம்.

ஆகவே வீட்டிலேயே பரீட்சித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். பெருவிரலால் உருட்டுகிற வகையை முதலிலேயே தள்ளிவிட்டேன். உமக்கு அங்கே கரண்டியும் முள்ளும் இருக்கும், எங்களுக்குச் சோற்றை வாய்க்குள் தள்ளுவது பெருவிரல். அதுவும் நொந்தால் பிள்ளை பட்டினி. மற்ற விரல்களால் உருட்டுவது என்று வந்த பிறகு அளவுதான் பிரச்சினை. சப்பாத்துக்குக் கால் வரைந்து அனுப்புவதுபோல உமது அக்காவைக் கொண்டு பத்மாவின் கையைக் கடதாசியில் வரைவித்தேன். விரலை விரித்து ஒன்று, மடக்கி ஒன்று. இரண்டும் இத்துடன் வருகின்றன. மடக்கின படம் கத்தரிக்காய் போல இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அது கைதான். பிறகு ஒரு சிரட்டைக்குள் தேங்காயெண்ணெய் பூசி, அதற்குள் அங்கே நீங்கள் லெமன் என்கிற தேசிக்காய் ஒன்றை வைத்து, பத்மா அச்சகத்தால் வந்து தேத்தண்ணி குடித்ததும் முற்றத்தில் இருத்தி உருட்டச் சொன்னேன். நேரே நின்ற மாமரத்தில் நாட்காட்டியைக் கொழுவி, அதுதான் திரை என்று வைத்துக்கொண்டு, "மேலை போ, இன்னும் மேலை, இப்ப வலப்பக்கம், நில், அமத்து" என்று நான் சொல்லச் சொல்ல அவள் உருட்டுவாள். ஒரு நாள் தேசிக்காய், அடுத்த நாள் விளாங்காய். சின்ன அளவுக்குப் பெடியள் விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்றும் வைத்துப் பார்த்தோம், அது எண்ணெயில் வழுக்கி ஓடிக் கிணற்றடி வாய்க்காலுக்குள் போய்விட்டது. அதனால் சின்னப் பந்து கூடாது என்பது ருசுவாயிற்று.

இந்த அளவில் முடிந்திருந்தால் நல்லது. எங்கள் வேலியில் ஓட்டை மாதிரி ஒரு பொட்டு இருப்பது உமக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த வீட்டுக் குணலட்சுமி அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பொழுதுபடுகிற நேரம், ஒரு குமர்ப்பிள்ளை, சிரட்டை, எண்ணெய், தேசிக்காய், எதிரில் ஒரு கிழவன் இருந்து மேலை போ, கீழை வா, நில் என்று யாரையோ ஏவுகிறான். அவளின் பசு அந்தக் கிழமை பால் மறத்துவிட்டது. மகனுக்குக் கனடா விசா இல்லை என்றும் கடிதம் வந்துவிட்டது. மறுநாள் காலமை வந்து படலையடியில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. ஆரின்ரை பேரிலை உதை உருட்டிறியள்?"

"ஒருத்தற்றை பேரிலையும் இல்லைப் பிள்ளை. உது கனடாச் சாமான் ஒண்டுக்கு அளவு பாக்கிறம்."

"கனடாவிலையும் உந்த வேலை செய்யினமோ?"

"ஓம், அங்கை இப்ப கந்தோர் கந்தோராய் உதைத்தான் உருட்டினம்."

"அதுதான் இஞ்சையிருந்து போன ஒருத்தரும் திரும்பி வாறேல்லை" என்றாள்.

நான் மவுஸ் என்றால் என்ன, அம்புக்குறி என்றால் என்ன என்று தொடங்கி விளங்கப்படுத்தினேன். அம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் இரண்டு அடி பின்னுக்குப் போனாள். உமது அக்கா என்னைத்தான் ஏசினாள். "அவளைப் பிழை சொல்லேலாது. பொழுதுபட்ட நேரத்திலை தேசிக்காயும் எண்ணெயும் வைச்சுக்கொண்டு குமர்ப்பிள்ளையை இருத்தினால் ஊர் தேவாரம் படிக்கினம் எண்டோ நினைக்கும்?" என்றாள். பிறகு அயலவரோடு பகை வேண்டாம் என்று அவளே படலைக்குப் போய்க் குணலட்சுமியின் கையைப் பிடித்து, "உன்ரை பிள்ளைக்கு நாங்கள் கெடுதல் நினைப்பமோ?" என்று அழாத குறையாகக் கேட்டாள். குணலட்சுமி இறங்கி வந்தாள். ஆனால் எப்படி இறங்கினாள் என்று நினைக்கிறீர்? "அப்பிடியெண்டால் என்ரை மகனுக்காண்டியும் ஒருக்கா உருட்டிவிடச் சொல்லுங்கோ, மற்றப் பக்கமாய்" என்றாள். சமாதானத்துக்காகப் பத்மா மற்றப் பக்கமாக உருட்டினாள். எங்கள் கெட்ட காலம், அடுத்த கிழமை அந்தப் பெடியனை நேரில் வரச்சொல்லிக் கொழும்பு விசாக் கந்தோரிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பசுவும் கறந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் படலை கோயில் வாசலாகிவிட்டது. மகள் பள்ளிக்கூடச் சோதனை எடுக்கிறாள் என்று ஒரு தாய், எல்லைவேலி வழக்குக்காரர் இரண்டு பேர், அதிலும் எதிரும் புதிருமான கட்சிக்காரர், பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு சம்மாட்டியார், அவரின் வள்ளத்துக்கு இயந்திரம் பிடிக்குதில்லையாம். எல்லாருக்கும் இது சாத்திரம் அல்ல, விஞ்ஞானம் என்று வாயால் சொன்னால் ஏறுகிறதா? இல்லை. எழுத்தில் இருந்தால்தான் எங்கள் சனம் நம்பும். ஆளுக்கு ஒரு விளக்கக் கடிதம், வழக்குக்காரருக்குச் சட்டப்பிழை வராமல் தனித்தனியாக, எல்லாம் எழுதுவித்துக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு மறுப்புக் கடிதம் எழுதுவித்தேன். உடுவிலில் எமது இல்லத்தில் தேசிக்காய் உருட்டப்படுவதில்லை என்று அதைப் போட்டும் விட்டார்கள். அதுவரை கேள்விப்படாத சனமும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டு, எங்கே உருட்டப்படுவதில்லை என்று வழி கேட்டுக்கொண்டு வந்தது. அவர்களுக்கும் கடிதம். இந்த அமளி முழுவதிலும் பத்மாவின் கை இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது பேனை பிடிக்கவே முனகுகிறாள். தேசிக்காய் உருட்டினதால் வந்ததோ என்று பயந்து அதையும் நிற்பாட்டிவிட்டேன். அப்படியானால் ட்ராக்போலும் கூடாதோ என்று நேற்று முழுக்க யோசித்தேன். பிறகு, தேசிக்காய் முழு உருண்டை அல்ல, இரண்டு முனையும் கூர், கனடாப் பந்து நல்ல உருண்டையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது நல்ல உருண்டைதானே? ஒரு வரி எழுதும்.

ஆகவே என் முடிவான தீர்மானம்: விரல்களால் உருட்டுவது. பந்து தேசிக்காயிலும் பெரியது, விளாங்காயிலும் சிறியது. வலக்கைக்கானது, இடக்கை நல்ல காரியத்துக்கு ஆகாது என்று உமது அக்கா ஒரே பிடியாக நிற்கிறாள், கல்யாணக் கார்ட் அடுக்குகிற கையல்லவா? நிறத்தில் மஞ்சளும் பச்சையும் வேண்டவே வேண்டாம், தேசிக்காய் என்பார்கள். கறுப்பு வீட்டுக்கு ஆகாது. சிவப்பு என்றால் குங்குமம் பூசியிருக்கிறது என்று குணலட்சுமி சொல்லுவாள். வேறு ஏதும் நிறம் மிஞ்சினால் அதில் ஒன்று. பெருவிரல் வகை பற்றி நீர் வேறு அபிப்பிராயம் வைத்திருந்தால் உடனே எழுதும், நான் முழுவதையும் திரும்பவும் யோசிக்கிறேன். இந்தக் கடிதம் நாளைக்குக் கொழும்பு போகிற ஒருவர் கையில் வருகிறது. உமது பதில் காணும்வரை எனக்கு உறக்கம் இல்லை.

மற்றும் விசேஷம் இல்லை. நல்லூரான் உம்மையும் பிள்ளைகளையும் குளிரிலும் சளியிலும் நின்று காக்கட்டும். மச்சாளுக்கு எங்கள் விசாரிப்புகளைச் சொல்லும். பிள்ளைகளுக்குத் தமிழ் மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் வரும்.

இப்படிக்கு
உமது சுகம் நாடும் அத்தான்,
சோமசேகரம்

பி.கு.: மாமாவுக்கு, பத்மா எழுதுவது. மேலே உள்ளதும் வழக்கம்போல நான் எழுதியதுதான், என் எழுத்து உங்களுக்குத் தெரியும். அப்பா சொல்லி முடித்து, முழுவதையும் ஒருக்கால் வாசிக்கக் கேட்டு, "சரி, ஒட்டு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். ஒட்டுவதற்கு முதல் இதைச் சேர்க்கிறேன். கணினியால் எனக்கு ஒரு நோவும் இல்லை. மவுஸை இடக்கையால் பிடிக்கப் பழகிக் கனநாள். முதலாளி வேறு ஆள் பார்க்கவும் இல்லை. கை நோவது கடிதம் எழுதி. கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு அப்பா விடிந்தால் கடிதம், பொழுதுபட்டால் கடிதம். கண்ணுக்கு ஒப்பரேசன் செய்ய டாக்குத்தர் நாள் தந்தார். பயத்தில் அதைத் தள்ளிப்போடச் சொல்லி அவருக்கும் ஆறு பக்கம் எழுதுவித்தார். இந்தக் கடிதமே மூன்றாவது பிரதி. முதலாவதில் பந்து தேசிக்காய் அளவாக இருந்தது, இரண்டாவதில் விளாங்காய். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வருகிறதில்லை, மாமா. கடிதம் சொல்லும்போதுதான் அவர் கச்சேரிக் கந்தோருக்குப் போய்வந்த அப்பாவாக நிமிர்ந்து இருக்கிறார். மற்ற நேரம் கதிரையில் இருந்து சுவரைப் பார்க்கிறார், சுவரும் அவருக்கு வடிவாகத் தெரியாது. ஆகையால் நீங்கள் எந்தப் பந்து கிடைக்கிறதோ அதை அனுப்புங்கள், எந்த நிறமும் பரவாயில்லை. வந்த அன்றே கை சுகமாகிவிட்டது என்று சொல்லிவிடுவேன். அவர் உடனே உங்களுக்கு நன்றிக் கடிதம் சொல்லத் தொடங்குவார். அதற்காக இப்போதே இடக்கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.