புலி வந்த மாசங்கள்

இந்தத் தடவை என் சம்சாரம் சைத்தூனிடம் சொல்லாமலே கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். என்னைச் சொல்லணும்!

நான் சலாஹுதீன், கூத்தாநல்லூர். இருபத்தாறு வருஷம் சவூதியில், தம்மாமில் பிழைத்த சபுராளி. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை ரெண்டு மாசம் லீவு. ஒவ்வொரு லீவுக்கும் புலிப் படம் போட்ட போர்வை ஒன்று வாங்கி வருவேன். நம்ம ஊர் வெயிலில் அதைப் போர்த்தினால் ஆள் வெந்துவிடுவான். இருந்தும் வாங்குவேன்.

எட்டு மாசம் முன்னால், இனி வெளிநாட்டுச் சபரே கிடையாது என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுத் திரும்பினேன். தாங்கவில்லை. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத வீட்டில் நான் விருந்தாளி. வெட்கமாக இருந்தது. திருட்டுத்தனமாக விசா அடித்தேன். பாஸ்போர்ட்டை டிக்கெட்டோடு சேர்த்து, பீரோ மேலே கிடந்த புலிப்போர்வை மடிப்பில் சொருகினேன். அதை எவன் தொடப்போகிறான்?

சைத்தூன் பீவி, ஊரில் பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் பழைய சேலையை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்துக் கொடுப்பவள். நூல் பிடித்த மாதிரி ஒரே அளவுக் கட்டங்கள். புதன்கிழமை பார்த்தால், கூடத்தில் ஒரு பூதம் விரிந்து கிடக்கிறது. எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கட்டம். நடுநடுவே புலியின் கண், காது, வால்.

"என்ன புள்ள இது? பிள்ளை பயந்து அலறப்போவுது."

"பிள்ளைக்கு இல்ல மச்சான். எனக்கு."

"உனக்கா?"

"ஊருக்கெல்லாம் தச்சாச்சு. இப்ப என் கதையைத் தைக்கிறேன். மாசத்துக்கு ஒரு கட்டம், வருஷத்துக்கு ஒரு வரிசை. இருபத்தாறு வருஷத்துக்கு முந்நூத்திப் பன்னிரண்டு."

"புலி?"

"நீங்க வீட்டுல இருந்த மாசம்."

என்னைப் புலி என்று ஒத்துக்கொண்டாளே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எண்ணினேன். இருபத்தாறு புலி. மிச்சமெல்லாம் வெள்ளை.

"வெள்ளைக்கு என் பழைய துப்பட்டியெல்லாம் வெட்டியும் பத்தல" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. பீரோ மேலே பார்த்தேன். காலி.

"அந்தப் போர்வைக்குள்ள ஒண்ணு..."

"இருந்துச்சு. ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள்ள வச்சுத் தச்சுட்டேன்."

"அடியே! நாளான்னிக்கு பிளைட்டு!"

"டிக்கெட்டைப் பாத்தேன்."

"எந்தக் கட்டம்?"

"நீங்க இல்லாம நான் ஒடிஞ்சு விழுந்த மாசம். எதுன்னு தெரிஞ்சா பிரிச்சு எடுத்துக்குங்க."

தெரியாமலா? எங்கள் மகன் மூன்று வயசில் காய்ச்சலில் மவுத்தானான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதுவிட்டு டூட்டிக்குப் போனேன்.

"ஜாபிர் போன மாசம்" என்றேன்.

"காட்டுங்க."

விரலை நீட்டினேன். விரல் அந்தரத்தில் நின்றது. வருஷம் தெரியும், ஒன்பதாவது வரிசை. மாசம்? பெருநாளுக்கு முந்தியா, பிந்தியா? குறுவை அறுப்பா, சம்பா நடவா?

"மறந்துட்டீங்களா மச்சான்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை.

அந்த வரிசையில் புலியே இல்லை. பன்னிரண்டும் வெள்ளை. வியாழன் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பஞ்சு, பஞ்சு, பஞ்சு. வெள்ளிக்கிழமை காலையில், பதினோராவது கட்டத்தில் ஒரு மஞ்சள் சட்டை. சின்னச் சட்டை. ஒரு பித்தான் இல்லை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜும்மாவுக்கு பாங்கு சொன்னதும் தெரியாது, பிளைட் போனதும் தெரியாது.

"பாஸ்போர்ட் எங்க புள்ள?" என்று கேட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.

"அரிசி டப்பாவுல. தைக்கவே இல்ல, அன்னிக்கே போட்டுட்டேன். விசாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. போறதுன்னா போங்க, நான் தடுக்கல. பிரிச்சதைத் தச்சுக் குடுத்துட்டுப் போங்க."

பதினோரு கட்டம்தானே, ரெண்டு நாள் வேலை என்று ஊசியை எடுத்தேன். முதலில் சட்டையை உள்ளே வைத்துத் தைத்தேன். சைத்தூன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்றோடு இருபது நாள். விசா முந்தாநாளே முடிந்துவிட்டது. இப்போதும் ஒரு கட்டத்தை முடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

"தையல் கோணல் மச்சான். பிரிங்க."