இருநூறாவது ஆள்

இருநூறாவது விடையை வாசித்ததும் மஸாஹிரா கதிரையை விட்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளின் உறவுகளையும் ஆன்மிகத்தையும் மூன்று வருடமாக ஆராய்கிற உளவியலாளர் அவள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் முடிவுகளைச் சொல்ல வேண்டும். இருநூறு விடை தேவை, ஒன்று குறைந்தது. வேறு வழியில்லாமல் வீட்டு வாட்ஸ்அப் குழுவில், "ஒரு ஆள் கொறயுது, யாராச்சும் நெரப்புங்க" என்று படிவத்தைப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை விடை வந்தது. பெயர் கேட்காத படிவம்.

வயது? பதினேழு.

வீட்டில் அதிகம் பேசுவது யாருடன்? "மிட்டாயுடன்."

"எப்படி இருக்கிறாய்" என்று கடைசியாக உங்களை யார் கேட்டார்? "ஞாபகம் இல்லை."

மனம் அமைதியாகும் இடம்? "ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு பள்ளிவாசல் படிக்கட்டு."

அக்குறணை ஊர் முழுக்கத் தேடினாலும் மிட்டாய் என்ற பெயரில் ஒரே ஒரு பூனைதான். அது அவளுடைய கைப்பை மேல் படுத்திருந்தது. அந்த வீட்டில் பதினேழு வயதும் ஒரே ஒருவனுக்குத்தான். அவளுடைய மகன் பஹீம்.

"பிள்ளைகள் பேசினால் காது கொடுங்கள்" என்று கலகெதர வரைக்கும் போய்ப் பெற்றோருக்குப் பாடம் எடுத்தவள் அவள்.

"மஸாஹிரா, இன்னக்கி கடையில ஒரு விஷயம் நடந்திச்சி..." என்று கணவர் ஹுஸைன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"கொஞ்சம் இருங்க" என்று அவரைத் தாண்டி மகனின் அறைக்குப் பாய்ந்தாள்.

"மகன், ஒனக்கு மனசுல ஏதாச்சும் கவல இரிக்கா?"

பஹீம் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். "ஏன் உம்மா, ஸ்கூல் சேர் கோல் எடுத்தாரா?"

"எந்த சேர்?"

"ஒண்டுமில்ல."

நிம்மதி தேடிப் போனவளுக்கு இன்னொரு கவலைதான் மிச்சம்.

சனிக்கிழமை பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் செய்தாள். பஹீம் தட்டையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"பெருநாளும் இல்ல, விருந்தாளியும் இல்ல. என்னய ஹொஸ்டல்ல சேக்கப் போறீங்களா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ஹுஸைன் அதை இழுத்துச் சாப்பிட்டு, "நல்லா இரிக்கி" என்றார். "கடையில நேத்து என்னாச்சி தெரியுமா..."

"பொறகு செல்லுங்க. புள்ள சாப்பிடாமப் போறான்!"

ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கே போய் டியூஷன் வாசலில் நின்றாள். கூட்டாளிமார் முன்னால் மகனின் கையைப் பிடித்து, "வா மகன், வாவியச் சுத்தி நடந்துட்டு வரலாம்" என்றாள். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். திரும்பி வரும்போது பஹீம் பஸ்ஸில் அவளுக்கு ஆறு சீட் தள்ளி உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான்.

மஸாஹிராவால் தாங்க முடியவில்லை. மூடிய கதவில் நெற்றியை வைத்து அழுதாள். "நாளைக்கி நான் போகல்ல. ஆராய்ச்சியும் வேணாம், பட்டமும் வேணாம். என்ட வீட்டுலயே ஒரு சீவன் பேச ஆளில்லாமப் பூனையோட பேசிட்டு இரிக்கி!"

கதவு திறந்தது. "நான் எப்ப உம்மா பூனையோட பேசின? எனக்கு அதத் தொட்டாலே தும்மல் வருமே!"

அவள் போனை நீட்டினாள். பஹீம் வாசித்தான். திரும்ப வாசித்தான். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் கூடத்தைப் பார்த்தான்.

அங்கே மடியில் மிட்டாயை வைத்துத் தடவிக்கொண்டிருந்த ஹுஸைன் மெல்லச் செருமினார்.

"ஒரு ஆள் கொறயுதுன்னு நீதானே போட்ட. அந்தப் படிவத்துல வயசு பதினேழுக்கு மேல போட எடமில்ல, மஸாஹிரா."