அழிய மாட்டேன் என்கிற அம்மாவின் வரி

அன்பு மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் ஒருவன் நலம். அங்கு நீயும் மருமகளும் நலமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசையிலேயே கிடந்து உன்னை முறைக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம், நீ இந்த வீட்டுக்கு எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் பற்றியது. விளக்கு, காபி மெஷின், ரேடியோ, ஜன்னல் திரை எல்லாவற்றையும் அதுதான் ஆட்டிவைக்கிறது. அணைக்கும்போது செட்டிங் அட்டவணையை வெறும் எழுத்தாக மாற்றி ஒரு ஃபைலில் போட்டுவைக்கும், திரும்பப் போட்டால் அந்த எழுத்தைப் படித்து மறுபடி அட்டவணையாக்கிக்கொள்ளும் என்று விளக்கினாய். ஆயுசு பூரா ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு இது புரியாதா? அலமாரியைக் கழற்றி வண்டியில் ஏற்றி, போன இடத்தில் திரும்ப மாட்டுகிற வேலைதானே.

அம்மா போய் இத்தனை மாசமாகியும் அவளுக்கான விளக்கு, காபி, பாட்டு என்று அவள் பேரில் ஒரு வரி அந்த ஃபைலில் இருக்கிறது, அழித்துவிடுங்கள் என்றாய். அழிச்சேன். காலையில பார்த்தா கட்டில்ல அவ பக்கத்து விளக்கு பளிச்னு எரியுது, மெஷின் ரெண்டு கப் காபி போட்டு வச்சிருக்கு, ரேடியோ அவளுக்குப் பிடிச்ச பாட்டைப் பாடுது. உன்னைக் கேட்டா, ஓடிட்டிருக்கும்போது ஃபைலைத் தொட்டா அணைக்கிறப்போ தன் ஞாபகத்துல இருக்கிறதையே திரும்ப எழுதிடும், முதல்ல ஸ்கிரிப்டை நிறுத்துங்கன்னே. நிறுத்தி அழிச்சேன், கூடவே ஒரு பிராக்கெட்டும் போயிடுச்சு போல, எழுத்தைப் படிக்க முடியாம அது பழைய செட்டிங்குக்குத் தாவி, நான் துண்டோட நிக்கிறப்போ ஹால் திரையை முழுசா திறந்துவிட, எதிர் ஃப்ளாட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்தின சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு, மானம் கப்பலேறிடுச்சுடா! இப்பல்லாம் நான் லிஃப்ட்ல நின்னா அவங்க படியில இறங்கிப் போறாங்க. பிராக்கெட்டைப் போட்டுட்டு மறுபடி அழிச்சேன். மறுபடி அதே விளக்கு, அதே ரெண்டு கப். உயிரோட இருந்தப்போ பிடிச்ச பிடிவாதம் போதாதா அவளுக்கு? ரெண்டாவது கப்பைக் கொட்ட மனசு வராம நானே குடிச்சு வயிறு எரியுது.

அங்கிருந்தே ஒரு பட்டனைத் தட்டி எல்லாத்தையும் புதுசா போட்டுடறேன்னு சொல்றே. அதெல்லாம் சரிப்படாது. நேர்ல வந்து பார்த்தாத்தான் இது தீரும்.

மருமகளுக்கு என் ஆசி. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: எழுதியதைப் படித்துப் பார்த்தேன், எனக்கே பொறுக்கவில்லை. அந்த வரி கடைசித் தடவை ஒழுங்காத்தான் அழிஞ்சுதுடா. மறுநாள் விளக்கு எரியலை. மெஷின்ல ஒரே ஒரு கப் நின்னுச்சு. என்னால முடியலை. நானே உட்கார்ந்து அந்த வரியைத் திரும்ப எழுதினேன், ஒரு பிராக்கெட்கூட விடாம. நீ எதையும் சரி பண்ண வேண்டாம், அங்கிருந்தும் தொட்டுடாதே. சும்மா வா. ரெண்டாவது கப் ஆறிப்போகுது.