இஞ்சி டொக்டரும் இஞ்சி போடாத தேநீரும்

மலைநாட்டிலேயே மூக்கை முழுசாகப் பயன்படுத்திய ஒரே மனிதர் எங்கள் இஞ்சி டொக்டர்தான். மற்றவர்களுக்கு அது கண்ணாடி மாட்டவும் சளி பிடிக்கவும் அமைந்த உறுப்பு. எனக்குச் சளி பிடிக்க மட்டும்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் ஆபீஸ் கிளாக்கர். அவர் அதே தோட்டத்து மருந்துசாலையில் மருந்து கலந்து கொடுப்பவர். எந்த நோயோடு போனாலும் கொழும்பிலிருந்து வரவழைத்த இஞ்சித் தைலத்தில் ஒரு சொட்டு நிச்சயம். நாடி பிடிக்கமாட்டார், முகர்ந்து பார்ப்பார். ஒருமுறை தோட்டத்தை நடத்தும் துரையையே முகர்ந்துவிட்டு, "இன்னைக்குக் குளிக்கலீங்களா?" என்று கேட்டாராம். துரைக்குத் தமிழ் அரைகுறை என்பதால் வேலை தப்பியது.

கொட்டகலையில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. அப்பா இல்லாத எனக்குத் துணையாக டொக்டரை அழைத்தேன். கூடவே, மணமாக ஏதாவது கலந்து தரும்படியும் கேட்டேன். இந்த முகத்துக்கு ஏதாவது ஒத்தாசை தேவையாக இருந்தது.

சீசாவைக் குலுக்கிக் காகிதத்தில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"தம்பி, எலுமிச்சை மொதல்ல ஓடிவரும். பின்னால ஏலக்கா வரும். இஞ்சி மெதுவா வந்து கடைசி வரைக்கும் உக்காந்திருக்கும். காதுக்குப் பின்னால ஒரே சொட்டு, சரிங்களா?"

ஒரு சொட்டு எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. பாதிச் சீசாவைக் கழுத்திலும் மீசையிலும் தேய்த்துக்கொண்டேன். பஸ் புறப்படும்போதே எலுமிச்சை போய்விட்டது. பாதி வழியில் ஏலக்காயும் இறங்கிக்கொண்டது. கொட்டகலை வந்தபோது மீசைக்கடியில் இஞ்சி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. டொக்டர் எட்டப்போய் உட்கார்ந்து வந்தார்.

பெண்ணின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர். தேயிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று மகளைப் பூ வைத்துக்கொண்டு தொழிற்சாலைப் பக்கம் வரவிடாதவர். அவள் தேநீர் கொண்டுவந்தாள். என் கலங்கிய கண்ணைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நிமிடமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"எங்க பெக்டரித் தூள். எப்படி இருக்கு தம்பி?" என்றார் டீமேக்கர்.

"இஞ்சி தட்டிப் போட்டது அருமைங்க!"

அவர் முகம் கறுத்தது.

"இஞ்சியா? யாரும் போடலையே! என் தேயிலையில வேற வாசம் அடிக்குதுன்னு சொல்றீங்களா?"

வாய் திறந்து ஒரே வாக்கியம், கல்யாணம் கைநழுவிக்கொண்டிருந்தது. டீமேக்கர் டொக்டர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒங்க மூக்கு இந்த மலைக்கே தெரியும். நீங்க சொல்லுங்க."

டொக்டர் கோப்பையை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"இஞ்சி இருக்குங்க. தூள்ல இல்ல. அடுப்படியில விழுந்திருக்கு."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "நான்தாம்ப்பா கொஞ்சம் தட்டிப் போட்டேன்."

டீமேக்கர் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது டொக்டர் சொன்னார்: "அதுல இஞ்சியே கெடையாது தம்பி. எம் மூக்கு பொய் சொன்னது இதுதான் மொத தடவை. அந்தப் பொண்ணும் சேந்து சொல்லுச்சு பாருங்க, நல்லபடியா வச்சுக்குங்க." சொல்லிவிட்டு மறுபடி எட்டப்போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு, தோட்டத்து மக்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அவரும் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். அன்று துறைமுகம் வரை போய், வெட்கமில்லாமல் அழுதேன்.

மாமனாருக்குப் பயந்து எங்கள் வீட்டுத் தேநீரில் இன்றுவரை இஞ்சி போடுவதில்லை. ஆனாலும் முதல் வாய் குடிக்கும்போது எனக்கு மட்டும் மெல்ல இஞ்சி மணக்கிறது. "போய் டொக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறாள் மனைவி.

காட்டலாம். அவர்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.