டாக்டருக்கும் மாப்பிள்ளை விசாரணை

மதுரையில் விசாரணை அண்ணன் விசாரிக்காமல் விட்டது வைகை ஆற்றை மட்டும்தான். அதுவும், தேடிப் போகிற நேரத்தில் ஆறு ஊரில் இருப்பதில்லை என்பதால். மற்றபடி, பழங்காநத்தத்துக் கல்யாண புரோக்கரான அவரிடமிருந்து தப்பிய மாப்பிள்ளை கிடையாது. டீக்கடை, துணி தேய்ப்பவர், மெடிக்கல் ஷாப் என்று நாலு இடத்தில் கேட்காமல் ஜாதகத்தையே பிரிக்கமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதை விசாரிக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

என் கல்யாணத்தை முடித்து வைத்ததும் அவர்தான். அன்று எழுபத்தைந்து கிலோ இருந்த நான், பதினைந்து வருடத்தில் நூற்று முப்பத்தெட்டு ஆனேன். சர்க்கரை, மூட்டுவலி, படுத்தால் மூச்சு முட்டல். வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று குடும்ப டாக்டர் சொல்லிவிட்டார். உடனே ஊரே உபதேசத்துக்குக் கிளம்பியது. "வாயைக் கட்டுனா போதாதாடா?" என்று புரோட்டாவை மென்றுகொண்டே கேட்ட சித்தப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கே.கே. நகரில் ஒரு கிளினிக். வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸில் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் ஒரே ஆளின் குண்டுப் படமும் ஒல்லிப் படமும். மயங்கிப்போய் அடுத்த வெள்ளிக்கிழமைக்கே நாள் குறித்துவிட்டு வந்தேன். என் மனைவி செல்வி, விசாரணை அண்ணனுக்குப் போன் போட்டாள். அரை மணியில் வந்து நின்றார்.

"எம்புட்டு எடத்துல விசாரிச்ச மாப்ள?"

"ஃபிளெக்ஸ்லயே எல்லாம் போட்டிருக்குண்ணே."

"ஃபிளெக்ஸப் பாத்தா பொண்ணு குடுக்குறோம்?"

எனக்குக் கோபம் வந்தது. அறுபடப்போவது என் வயிறு, இவருக்கென்ன? ஆனால் அவருக்கு என்னைவிட அதிகமாக வந்தது.

"பையனுக்கு நான் பொறுப்புன்னு ஒன் மாமனார்கிட்ட வாக்குக் குடுத்தவன்டா நான். அந்தப் புள்ள தவிச்சு நிக்கிறதுக்கா முடிச்சு வச்சேன்?"

என்னையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். எதிர்த்த டீக்கடையில் தொடங்கி, வாட்ச்மேனைக் குடைந்து, கடைசியில் ஃபிளெக்ஸ் டாக்டரையே பிடித்துவிட்டார்.

"ஆபரேசன் நீங்கதான பண்ணுவீக?"

"நான் ஆலோசனை மட்டும்தான். சர்ஜன் வெளியூர்ல இருந்து வருவார். முடிச்சிட்டு சாயங்காலமே கிளம்பிருவார்."

"அவுக பேரு?"

"அன்னைக்கு யார் ஃப்ரீயோ அவங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். "போட்டோவுல ஒரு மாப்ள, தாலி கட்ட இன்னொருத்தனா? கட்டுன அன்னைக்கே பஸ் ஏறிருவானாம்ல! மறுநா இவனுக்குத் தையல் விட்டுப்போச்சுன்னா யாரு வருவா, ஒங்க ஃபிளெக்ஸா?"

வெளியே வந்ததும், மருத்துவக் கவுன்சில் பட்டியலில் அந்த ஃபிளெக்ஸ் டாக்டரின் பதிவு எண்ணைத் தேடச் சொன்னார். ஆள் டாக்டர்தான். மேல்படிப்பு தோல் வைத்தியம். நினைத்தால் இன்றும் எரிகிறது. வயிறு சுருங்கிய பிறகும் அந்த எரிச்சல் சுருங்கவில்லை. மிக்ஸி வாங்கினால்கூட சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்கிற நான், என் உடம்பைச் சிரிப்பை நம்பிக் கொடுக்கப் போயிருக்கிறேன்! அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

மூன்று வாரம் அலைந்து, விளம்பரமே இல்லாத ஒரு பெண் சர்ஜனைக் கண்டுபிடித்தார். இந்த ஆபரேஷனுக்குத் தனிப் பயிற்சி எங்கே எடுத்தீர்கள், மயக்க மருந்து யார் கொடுப்பார், தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, அவசரத்துக்குப் போனை யார் எடுப்பார்? எல்லாவற்றுக்கும் அந்தம்மா பதில் சொன்னார். அதுவும் போதாமல், ஆபரேஷனாகி இரண்டு வருடமான ஒருவரிடம் பேச வேண்டும் என்றார் அண்ணன். நாகமலை புதுக்கோட்டை டீச்சர் ஒருவர் பேசச் சம்மதித்தார்.

"முடி கொட்டுச்சுண்ணே. கொட்டும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க. இன்னமும் செக்கப்புக்குப் போறேன்."

"கொறையவும் சேத்துச் சொல்லிருக்காக. நம்பலாம்" என்றார் அண்ணன்.

"முதல்ல சர்க்கரை குறையட்டும். ஆபரேஷன் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்" என்றார் சர்ஜன். நான் முகம் சுளித்தேன். அண்ணன் முகம் மலர்ந்தது. "அவசரப்படுத்தல பாத்தியா? இதுதான்டா எடம்."

ஆபரேஷன் அன்று, நோயாளிக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டார். அண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பொண்ணு வீட்டுக்காரன்."

நான் கண் விழித்தபோது, அண்ணன் டியூட்டி டாக்டரிடம் சொந்த ஊர் எது, எங்கே படித்தார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் கால் கட்டைவிரலைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.