நான் சுவரோடு கதைப்பதாக வந்த முறைப்பாடு குறித்து

லா சப்பல், பாரிஸ்
நவம்பர் 21, வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், ஓய்வுபெற்ற தபாலதிபர் திரு. பத்திநாதர் அவர்களுக்கு,

மடு மாதாவின் காவலில் நாங்கள் இருவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். மன்னாரில் மழை பிடித்துவிட்டதாக அறிந்தேன். உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வராமலிருக்க மன்றாடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய குரல்பதிவு கிடைத்தது. "யேசுரட்ணம், நீர் சுவரோடை நிண்டு கதைக்கிறீராம். தங்கச்சி அழுறா. என்ன நடக்குது அங்கை?" என்று கேட்டிருந்தீர்கள். அதை நானும் உங்கள் தங்கை மரியநாயகியும் சேர்ந்தேதான் கேட்டோம், ஏனென்றால் எங்கள் வீட்டில் வாட்ஸப் ஒரு போனில்தான் இருக்கிறது, அந்தப் போன் அவரிடம் இருக்கிறது. கேட்டு முடிந்ததும் "வடிவாய் மறுமொழி சொல்லுங்கோ" என்று போனை என் கையில் தந்துவிட்டு அவர் அங்கேயே நின்றார். ஆகவே தபாலில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் சுவரோடு கதைக்கவில்லை. சுவரில் பூட்டியிருக்கும் பெட்டியோடுதான் கதைத்தேன்.

மன்னாரில் வீட்டைச் சூடாக்குவதற்கென்று யாரும் எதுவும் வாங்குவதில்லை என்பதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் குசினியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, வெள்ளை நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி தொங்குகிறது. இங்கே சோடியேர் என்பார்கள். உள்ளே காஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் இருக்கிற ரேடியேற்றருக்குள் போய், ஆறி, திரும்பி வரும். வீடு சூடாகும்வரை எரிந்து பிறகு அடங்கிக் கிடப்பதுதான் ஒழுக்கமான சோடியேருக்கு அழகு. எங்களுடையது இந்த மாதத் தொடக்கத்திலிருந்து 'டப்' என்று பற்றும், இரண்டு நிமிடம் ஊதும், அணையும், மூன்று நிமிடம் யோசிக்கும், திரும்ப 'டப்'. இருபத்தேழு வருடம் ஓர் உணவகக் குசினியில் நின்றுவிட்டு ஓகஸ்டில் ஓய்வுபெற்ற எனக்கு வீட்டில் வேறு வேலை இல்லாததால் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் நாற்பத்தொரு தடவை. "டெக்னீசியனைக் கூப்பிடுங்கோ" என்றார் உங்கள் தங்கை. "கை கால் இருக்கேக்கை டெக்னீசியன் என்னத்துக்கு?" என்றேன் நான்.

மூன்றாம் மாடியில் பாலச்சந்திரன் என்று ஒருவர் இருக்கிறார். கிளிநொச்சிப் பக்கம், நல்ல மனிதர், விமானநிலையத்தில் பயணப்பைகள் ஏற்றுகிறவர். அதனால் இந்தக் கட்டடத்தில் இயந்திரம் தெரிந்தவராக மதிக்கப்படுகிறார். அவர் வந்து பார்த்து, "அண்ணை, இதுக்குத் தண்ணி அமுக்கம் காணாது, முள்ளு ஒண்டுக்குக் கீழை நிக்குது, ஒண்டரைக்கு வரவேணும்" என்று சொல்லி, அடியில் ஒரு சின்னக் குழாயைத் திறந்தார். முள் ஒன்றரைக்கு வந்தது. பிறகு இரண்டுக்கு வந்தது. திறந்த குழாய் பூட்ட மறுத்ததால் மூன்றுக்கும் வந்தது, அப்போது சோடியேர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வயிற்றிலிருந்த தண்ணீரைக் கீழே கக்கியது, கீழே அடுப்பிலிருந்து இறக்கிவைத்த விளைமீன் குழம்பு இருந்தது. குழம்பின் அளவு இருமடங்கானது. குழாயை இருவரும் துணி சுற்றித் திருகிப் பூட்டினோம். சோடியேர் 'டப்' என்றது, இரண்டு நிமிடம் ஊதியது, அணைந்தது.

மறுநாள் பாலச்சந்திரன் இன்னொரு முடிவோடு வந்தார். ரேடியேற்றருக்குள் காற்று அடைபட்டிருக்கிறதாம், ஒரு சாவியால் மூக்கைத் திருகினால் காற்றுப் போய்விடுமாம். அவர் சொன்னது சரி. காற்று 'ஸ்ஸ்' என்று போனது. காற்றுக்குப் பிறகு தண்ணீர் வரும், அது தார்போலக் கறுப்பாக இருக்கும், சாவி கையிலிருந்து நழுவி விழுந்தால் அது நேராக ஒன்றரை மீற்றர் பாயும் என்பதை அவர் சொல்லவில்லை. அன்று வியாழக்கிழமை. எங்கள் வீட்டில் செபமாலைக் குழுவின் முறை. ஒளியின் தேவ இரகசியத்தில் மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேற்றருக்கு நேர் எதிரே முழங்காலில் இருந்தவர் ஞானமலர் அக்கா. அவருக்கு வயது எழுபத்திரண்டு, அன்று உடுத்தியிருந்தது வெள்ளைச் சேலை. அவர் அருள்நிறை மரியேயை இடையில் நிறுத்தவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்து, "யேசுரட்ணம், இது என்ன தண்ணி?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து குழு வேறு வீட்டில் கூடுகிறது. உங்கள் தங்கை அழுவதாகச் சொன்னீர்கள். முதல் தடவை அழுதது அன்றைக்குத்தான்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். சேலைக்குப் பிறகு பாலச்சந்திரன் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே நடையில் இருந்த வட்டப் பெட்டியைக் காட்டினார். வீடு எவ்வளவு சூடு, எவ்வளவு வேண்டும் என்று சோடியேருக்குச் சொல்கிற பெட்டி. "அண்ணை, இது போனாலை நடத்திற பெட்டியெல்லோ. சோடியேரிலை பிழை இல்லை. ஆரோ எங்கையோ இருந்து கொளுத்திக் கொளுத்தி அணைக்கிறாங்கள்."

"ஆர்?"

"ஆரின்ரை போனிலை போட்டது?"

அந்தப் பெட்டியை இரண்டு வருடத்துக்கு முன் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிவந்து தன் கையால் பூட்டியது எங்கள் மகள் அனுஜா. அதை நடத்துகிற செயலி அவளுடைய போனில்தான் இருந்தது.

அனுஜா லில் நகரத்துக்கு வேலை மாறிப் போய்விட்டாள் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். அது உண்மை, ஆனால் முழுவதும் அல்ல. ஏப்ரல் மாதம் பாரிஸுக்கு வெளியே கார்ஜிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கோயில் ஆட்கள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவளை மாப்பிள்ளையின் தாய் "செருப்பில்லாமல் ஒருக்கா நில்லுங்கோ பிள்ளை, உயரம் பாப்பம்" என்று சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவர்கள் போனபின் அவள் உடுப்புப் பையை எடுத்தாள். நான் ஒரு வசனம் சொன்னேன். தமிழில் சொன்னால் விளங்காததுபோல நின்றுவிடுவாள் என்று பிரெஞ்சில் சொன்னேன். 'நெ ரெவியன் பா.' திரும்பி வராதே. இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் நான் பிழையில்லாமல் பேசிய பிரெஞ்சு வசனம் அது ஒன்றுதான். ஏழு மாதமாக அவள் தாயோடு கதைப்பாள். போனை நான் வாங்கினால் இணைப்பு அறுந்துவிடும்.

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். என்னோடு கதைக்காத பிள்ளை, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து, ஒரு நாளைக்கு நூறு தடவை எங்கள் வீட்டுச் சூட்டைப் பார்க்கிறாள். நான் மறுபடி கொப்பியைத் திறந்து வாசித்தேன். காலை ஆறரைக்குத் தொடங்குகிறது. அவள் வேலைக்கு எழும்புகிற நேரம். இரவு பத்தரைக்குக் குறைகிறது. அவள் படுக்கிற நேரம். நான் பெட்டியை இருபத்துமூன்றில் வைத்தால் மத்தியானம் அது தானாக இறங்குகிறது; அவள் சின்னனிலிருந்தே என்னோடு அப்படித்தான், நான் சொன்னதற்கு ஒன்று குறைத்துத்தான் செய்வாள். நான் பத்தொன்பதில் வைத்தேன். 'டப்' என்றது. "குளிரேல்லைப் பிள்ளை, காணும்" என்றேன். அணைந்தது. அந்த நேரத்தில் உங்கள் தங்கை குளியலறையிலிருந்து வந்தார்.

பதினான்காம் திகதி எனக்கு இருமலும் காய்ச்சலும். அன்று சோடியேர் காலையிலிருந்து மத்தியானம்வரை ஒரு தடவையும் நிற்காமல் எரிந்தது. தாய்தான் போனில் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் எழும்பிக் குசினிக்குப் போய், கண்ணீருக்கு ஒரு சாக்காக, வெங்காயம் உரிக்கத் தேடினேன். வீட்டில் வெங்காயம் இருக்கவில்லை. சும்மாதான் நிற்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் உங்கள் தங்கை கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சமைத்தார். டெக்னீசியனுக்கு அவர் மூன்று தடவை நாள் எடுத்தார். மூன்று தடவையும் நான் இரகசியமாகப் போன் எடுத்து வேண்டாமென்று சொன்னேன். திருத்திவிட்டால் என்ன செய்வது? காரணத்தை அவரிடம் சொல்லவும் முடியவில்லை. மகள் தன்னோடுதான் கதைக்கிறாள் என்ற ஒரு சந்தோஷம் அவருக்கு இருந்தது. அதிலும் பங்கு கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் உங்களுக்கு முறைப்பாடு செய்தது இந்தக் கட்டத்தில்.

உங்கள் குரல்பதிவு வந்த செவ்வாய் மாலை சோடியேர் நின்றது. புதன் முழுவதும் 'டப்' இல்லை. ஆறரைக்கும் இல்லை. பெட்டியை இருபத்தைந்துவரை கூட்டினேன், சத்தம் இல்லை. வீட்டுக்குள் பதின்மூன்று பாகை. உங்கள் தங்கை குளிர் என்றார். எனக்குக் குளிரவில்லை. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது. வியாழன் காலை, பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, லா சப்பலில் ஆறு கடலை வடை வாங்கிக்கொண்டு, வடக்கு ஸ்ரேசனுக்கு நடந்து போய் லில் ரயிலில் ஏறினேன்.

விலாசம் உங்கள் தங்கையின் கொப்பியில் பார்த்து வைத்திருந்தது. மணி அடித்தேன். அன்று அவளுக்கு லீவு, அவளே திறந்தாள். தலை துவட்டிய துவாயோடு, முழுசாக, சுகமாக நின்றாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. சோடியேர் நிண்டிட்டுது."

"சோடியேர் நிண்டதுக்கு லில்லுக்கு வந்தனீங்களோ?"

"ஓம்."

அவள் கதவைப் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கினாள், அது பாதியில் வேறொன்றாக மாறியது. பிறகு என் கையிலிருந்த வடைப்பையை வாங்கினாள். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தேத்தண்ணி போட்டாள். சீனி இரண்டு கரண்டி, கேட்காமலே போட்டாள். நான் ரயிலில் மனனம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன்: "அண்டைக்கு உனக்கு மறைச்சது பிழை. பிறகு சொன்னது அதைவிடப் பிழை."

"ஓம் அப்பா, பிழைதான்" என்றாள். இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு, "ஞாயிறு வாறன்" என்றாள். பெட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சில விடயங்களைப் பேசாமல் விடுவதுதான் அழகு.

ஆகவே மைத்துனர் அவர்களே, என் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதையும், எங்கள் சோடியேர் இன்னும் எரியாவிட்டாலும் அதில் எந்தப் பழுதும் இல்லை என்பதையும், அது அணைந்து அணைந்து எரிந்ததற்குக் காரணம் பெற்ற பிள்ளையின் பாசம் என்பதையும் தாங்கள் உங்கள் தங்கைக்கு மூத்த சகோதரன் என்ற முறையில் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். டெக்னீசியன் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

மச்சாளுக்கு என் வணக்கத்தையும் பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்களையும் கொடுக்கவும். உங்கள் முழங்கால் வலி குறைய இங்கே செபமாலையில் நினைக்கிறோம், குழு இல்லாமலே.

தாழ்மையுடன்,
உங்கள் அன்பு மைத்துனர்,
சூ. யேசுரட்ணம்

பி.கு: இன்று திங்கட்கிழமை. கடிதம் இன்னும் ஒட்டவில்லை. அனுஜா நேற்று வந்தாள். தாய் குசினியில் இருந்த நேரம் பார்த்து, "நீ இத்தனை நாளும் சூட்டைப் பாத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும் பிள்ளை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஜூனிலே போன் மாற்றினாளாம். அந்தச் செயலியை அதற்குப் பிறகு அவள் போடவே இல்லையாம். ஆறரையும் பத்தரையும் அவள் இரண்டு வருடத்துக்கு முன் எழுதிவைத்த நேரங்கள், பெட்டி அதன்பாட்டில் செய்திருக்கிறது. நான்காவது தடவை உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் எடுத்த நாளுக்கு இன்று காலை டெக்னீசியன் வந்தார். குழாய்க்குள்ளிருந்து ஒரு கோப்பை நிறையக் கறுப்புச் சேறு எடுத்துக் காட்டினார். அடைப்பினால் தண்ணீர் ஓடாமல், சூடு ஏறிய உடனே அது தன்னை நிறுத்திக்கொண்டதாம்; சேறு கொஞ்சம் விலகிய நாளில் நிற்காமல் எரிந்திருக்குமாம்; கடைசியில் ஒரேயடியாகப் படுத்துவிட்டதாம். இப்போது சத்தமில்லாமல் எரிகிறது. எனவே மேலே எழுதியதில் காரணம் என்று நான் குறிப்பிட்ட எதுவும் சரியல்ல, உங்கள் தங்கைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். நேற்றுப் பின்னேரம் ரயிலுக்குப் போகமுன் அனுஜா நடையில் நின்று அந்தச் செயலியைப் புதுப் போனில் போட்டுக்கொண்டு போனாள். சற்று முன் பார்த்தேன், பதினேழில் வைத்திருக்கிறாள். வீடு நல்ல குளிர். நாங்கள் இருவரும் தொப்பி போட்டிருக்கிறோம், தொடவில்லை.