இலைநுள்ளி அண்ணையும் பாலைவனக் கொடியும்

கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் இலைநுள்ளி அண்ணையின் விரலுக்குத் தப்பிய இலை ஒன்றுகூட இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு இலையை நுள்ளி, கசக்கி, மணந்து, பெயர் சொல்லுவார். பெயர் பெரும்பாலும் பிழையாக இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் மதிலில் படர்ந்த ஐவிக் கொடியின் இலையை வெற்றிலை என்று மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். பெரியப்பா வாய் திறக்க முடியாமல் கையை மட்டும் தூக்கி ஆசீர்வதித்தார்.

அரிசோனாவில் இருக்கும் என் மச்சான், அங்கே வேலியோரம் கண்ட கொடியைப் பாகல் என்று நம்பி விதை கொண்டுவந்து தந்தார். மனைவி பந்தல் போட்டாள். கொடி பந்தலை மூடியது, காயைத்தான் காணவில்லை. அண்ணை வந்து நுள்ளினார்.

"தங்கச்சி, இது பாகல் இல்லை. பாலைவனப் புல்வெளியிலை வாற காட்டுக் கொடித்தோடை, பாஷன் புரூட் சாதி. மொட்டைச் சுத்தி வலை மாதிரி இருக்கும். பொழுதுபட்டாப்பிறகுதான் பூ விரியும்."

"ஐவியை வெத்திலை எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள். ஞாயிற்றுக்கிழமை வெட்டப்போறன்."

"அதுக்குள்ளை பூக்காட்டி, நான் இனி ஒரு இலையும் நுள்ளமாட்டன்."

செய்தி பரவியது. கொடி பூக்கக் கூடாது என்று தெருவே கோயிலில் அர்ச்சனை செய்யாத குறைதான்.

பாலைவனக் கொடிக்கு ஈரம் ஆகாது என்றார் அண்ணை. லண்டன் மழைக்கு அது தெரியவில்லை. எட்டிப் பார்த்தால், கொடிக்குக் குடை பிடித்தபடி தான் நனைந்துகொண்டு நிற்கிறார். சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அன்றுதான் பந்தலில் பஞ்சு வலைக்குள் ஒரு மொட்டைக் கண்டேன். மழையும் விடவில்லை. என் கறிவேப்பிலைக் கன்றை மொட்டையாக்கிய மனிதர் அவர். இருந்தும் குடையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். பொழுதுபட, வெள்ளை இதழும் நடுவே ஊதா நாருமாகப் பூ விரிந்தது. போன் எடுத்தேன்.

"அண்ணை, பூத்திட்டுது."

கொஞ்ச நேரம் இருமல்தான் கேட்டது. "ஒருத்தரும் தொடாதையுங்கோ. நான் வாறன்."

கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் விரல்கள் பூவை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றன. கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். மனைவி அவருக்குக் கோப்பி ஊற்றினாள்.

காய்ச்சல் விட்டதும் எங்கள் கறிவேப்பிலையில்தான் தொடங்கினார். மறுபடி மொட்டை. மனிசன் எழும்பிவிட்டார் என்று அந்தக் கன்றைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.